டிரம்மில் வளர்ந்த குப்பம்மாள்

ஊருக்கு ஒரு முட்டாள் இருந்தால் அது ஊருக்கு நல்லது, பொழுது போகும். ஆனால் அப்படி நான்கு பேரைத் தேடிப் பிடித்து, தன் நான்கு பெண்களையும் கட்டிக்கொடுத்து, ஒரே வீட்டில் வைத்து மூன்று வேளையும் சோறு போட்ட பெருமை மேலச்சுனையூர் ஆவுடையம்மாள் ஒருத்திக்குத்தான் உண்டு.

மூத்த மருமகன் அனஞ்சபெருமாள். எதைச் சொல்வதற்கு முன்பும் தொண்டையைச் செருமுவார். செருமலில் இருக்கிற கம்பீரம் பேச்சில் இருக்காது. இரண்டாமவர் சொரிமுத்து, உப்பு டப்பாவை நகர்த்துவதற்குக்கூடச் சட்டம் பேசுவார். மூன்றாமவர் உச்சிமாகாளிக்குக் கண்ணீர் எப்போதும் இமை ஓரத்திலேயே குடியிருக்கும். கடைசி மருமகன் தளவாய். நாம் பெரும்பாலும் இவன் பின்னாலேதான் போகப்போகிறோம். ஏனென்றால் நால்வரில் இவன் ஒருவன்தான் சொன்ன பேச்சைக் கேட்கிறவன். வந்த வினையெல்லாம் அதனால் வந்ததுதான்.

ஆவுடையம்மாளுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் இல்லாமல் ஒரு கவளம் இறங்காது. கொல்லைப்புறத்தில் நார்த்தை மரமும் இருந்தது. ஆனால் இரண்டு வருஷமாகப் பூத்துப் பூத்து உதிர்த்ததே தவிர, காய் பிடிக்கவில்லை. வேளாண்மை ஆபீஸ் அம்மா ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "மண்ணுல சத்தே இல்லம்மா. வீட்டுக் குப்பையை மக்க வச்சுப் போடுங்க, காய் தானா வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் வந்தது. காற்றுப் போக அதைச் சுற்றி இருபத்துநான்கு துளைகள் போட்டு, மரத்துக்குப் பக்கத்தில் செங்கல் அடுக்கி அதன்மேல் நிறுத்தியாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து பம்பாயிலிருந்து போன் வந்தது. மகன் வீட்டில் இரட்டைப் பிள்ளை. பள்ளிக்கூடமும் கோடை லீவு. ஆவுடையம்மாள் நான்கு மகள்களையும் பேரப்பிள்ளைகளையும் ஒரே மூச்சில் கிளப்பிக்கொண்டு ரயிலடிக்கு வந்துவிட்டாள். வண்டி புறப்பட ஐந்து நிமிஷம் இருக்கும்போது மருமகன்களை வரிசையாக நிறுத்தினாள்.

"மாப்பிள்ளைகளா, நல்லா கேட்டுக்கிடுங்க. சமையக்கட்டுல விழுற தோலு, காம்பு, காப்பிச் சக்கை எல்லாம் டிரம்முக்குள்ள போவணும். ஒரு பங்கு அதுன்னா ரெண்டு பங்கு காஞ்ச சருகு. ஈரம் காயப்படாது. வாரத்துக்கு ஒருக்க புரட்டி விடணும். பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிடணும், சொல்லிட்டேன். நான் ரெண்டு மாசங் கழிச்சு வரும்போது உரம் ஆகலைன்னா, நாலு பேரும் மூட்டையைக் கட்டி அவங்கவங்க ஊரைப் பாத்துப் போயிரலாம்."

தளவாய்க்குத் தன் ஊர் நினைப்பு வந்தது. அவன் ஊரில் அண்ணன் இருந்தார், அண்ணன் சம்சாரமும் இருந்தாள். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பாள். "ஆச்சு மதினி" என்று பதில் வருகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பாள். அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவதை நினைத்தாலே அவனுக்கு இங்கேயே பசித்தது.

ரயில் நகரும்போது அவன் மனைவி செண்பகவடிவு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அம்மா சொன்னதை அப்படியே செய்யுங்க. நீங்களா எதையும் யோசிச்சுராதீங்க!" என்று கத்தினாள். அவளும் பாவம், நல்லதுக்குத்தான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் நால்வரும் டிரம்மைச் சுற்றிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

அனஞ்சபெருமாள் செருமினார். "அத்தை என்னதான் சொன்னாவ?"

"பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிடணும்னாவ, அண்ணாச்சி" என்றான் தளவாய்.

"அதுக்கு முன்னால வேற என்னமோ நாலஞ்சு சொன்னாவளே?"

"எத்தனை சொன்னாலும் கடைசியாச் சொன்னதுக்குக் கீழதான் மத்ததெல்லாம் வரும். அதான் சட்டம்" என்றார் சொரிமுத்து.

"அது சரி, பிள்ளைன்னா ஆம்பளைப் பிள்ளையா, பொம்பளைப் பிள்ளையா?" என்று கேட்டார் உச்சிமாகாளி.

எழுந்து நின்று, டிரம்மை மூன்று தடவை சுற்றி வந்து பார்த்தார்கள். துளைகளைக் கண்டுபிடித்தது தளவாய்தான். "காது குத்தியிருக்கு அண்ணாச்சி. ஒண்ணு ரெண்டு இல்ல, இருவத்துநாலு இடத்துல. பொம்பளைப் பிள்ளைதான்."

"பச்சப் பிள்ளைக்கு இத்தனையா குத்துவாங்க?" என்று உச்சிமாகாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெயர் வைப்பதில் பெரிய தகராறு. ஒவ்வொருவரும் தன் தாயார் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று நின்றார்கள். கடைசியில், யாருடைய தாயாரும் கோபித்துக்கொள்ளாமல் இருக்கக் குப்பம்மாள் என்று முடிவானது. பெயரைப் பிள்ளையின் காதில் மூன்று தடவை சொல்ல வேண்டுமல்லவா? இருபத்துநான்கு காதிலும் குனிந்து நிமிர்ந்து சொல்லி முடிப்பதற்குள் தளவாய்க்கு இடுப்பு விட்டுப்போனது. ஆனால் மனசு நிறைந்திருந்தது.

அடுத்தது பிள்ளைக்குச் சாப்பாடு. அங்கேதான் சிக்கல். பெண்கள் ஊருக்குப் போனதிலிருந்து அடுப்பு எரியவில்லை. மூன்று வேளையும் நால்வரும் முக்குக் கடையில் புரோட்டா தின்றார்கள். புரோட்டாவுக்கு ஏது தோல், ஏது காம்பு? மறுநாள் மத்தியானம் தளவாய் டிரம்மைத் திறந்து பார்த்தான். குப்பம்மாள் வெறும் வயிற்றோடு இருந்தாள். அன்றைக்கு அவன் புரோட்டாவைத் தொடவில்லை.

சந்தைக்கு ஓடினார்கள். ஒரு சாக்கு நிறையக் காய்கறி வந்தது. நால்வரும் உட்கார்ந்து வாழைக்காய், கேரட், பீர்க்கங்காய், சேனைக்கிழங்கு எல்லாவற்றையும் தோல் சீவி, தோலைப் பிள்ளைக்கு ஊட்டினார்கள். தோல் உள்ளே போனது. சீவின காய் மலையாகக் கிடந்தது.

"இதை என்ன செய்ய?" என்றார் அனஞ்சபெருமாள்.

"காயைப் போடச் சொல்லலை. தோலைத்தான் போடச் சொன்னாவ" என்றான் தளவாய்.

"நாம பொங்கித் தின்னா என்ன?"

"பொங்குங்கன்னு அத்தை சொல்லலையே. நாமளா யோசிக்கப்படாதுன்னு செண்பகம் சொல்லியிருக்கா."

ஆகையால் தோலைப் பத்திரமாக டிரம்மில் வைத்துவிட்டு, காயைக் கொண்டுபோய்த் தெருவில் கொட்டினார்கள். தினமும் இதுதான் நடந்தது. பத்தே நாளில் அந்தத் தெரு ஆடுகள் தோல் சீவாத கேரட்டை முகர்ந்துகூடப் பார்க்காத நிலைக்கு வந்துவிட்டன.

ஒரு வாய் தோலுக்கு இரண்டு வாய் சருகு. சருகு தொண்டையை அடைக்கும் என்று பயந்து தளவாய் நடுநடுவே ஒரு கை தண்ணீர் தெளித்தான். ஊட்டி முடித்ததும் டிரம்மின் முதுகைத் தட்டிக்கொடுத்து ஏப்பம் வருகிறதா என்று காது வைத்துக் கேட்டான். உள்ளே ஏதோ மெல்ல நகர்ந்து அமர்ந்தது. "வந்துட்டு" என்று மற்ற மூவருக்கும் சைகை காட்டினான்.

ஏழாம் நாள் புரட்ட வேண்டும். சொரிமுத்து கடப்பாரையோடு வந்ததைப் பார்த்ததும் உச்சிமாகாளி குறுக்கே விழுந்தார்.

"பெத்த பிள்ளையைக் கடப்பாரையால கிண்டுவேரா? நீரு மனுசன்தானா?"

"புரட்டச் சொன்னாவளே, வே!"

"பிள்ளை தானா புரளும். நாம பக்கத்துல இருந்து பாத்துக்கிட வேண்டியதுதான்."

காலையிலிருந்து சாயங்காலம் வரை பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். குப்பம்மாள் புரளவில்லை. கடைசியில் மூடியை இறுக்கி, கொல்லையில் நான்கு கோணிச் சாக்கை விரித்து, டிரம்மைப் பக்குவமாகச் சாய்த்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உருட்டிக் காட்டினார்கள். பிள்ளை குப்புற விழுந்துவிட்டாள் என்று சந்தோஷம் தாங்காமல் அனஞ்சபெருமாள் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். வாரா வாரம் கொடுத்தார். தெருக்காரர்களும் எதற்கு என்று கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள். மிட்டாய் கிடைக்கிற இடத்தில் யார் விசாரணை வைப்பார்கள்?

பதினெட்டாம் நாள் காலையில் தளவாய் வழக்கம்போல டிரம்முக்குள் கையை விட்டான். விட்ட வேகத்தில் உருவிக்கொண்டான். உள்ளே கொதித்தது. மூடியைத் திறந்தால் ஆவி எழும்பியது. உரம் மக்கும்போது அப்படித்தான் சுடும் என்று ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் கேட்க வேண்டியவன் குழந்தையைக் கேட்கவில்லையே.

"அண்ணாச்சி! பிள்ளைக்குக் காய்ச்சல்!"

ஒரு ஆட்டோ பிடித்து, டிரம்மைக் கோணியில் சுற்றி உச்சிமாகாளியின் மடியில் வைத்து, ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். பிள்ளைக்குக் காற்றுப் படக்கூடாது என்று உச்சிமாகாளி ஆட்டோவிலேயே இருந்துகொண்டார். மற்ற மூவரும் உள்ளே போனார்கள். டாக்டர் இசக்கியப்பன் பேனாவை எடுத்தார்.

"பிள்ளைக்கு என்ன வயசு?"

"பதினெட்டு நாளு" என்றான் தளவாய்.

"தாய்ப்பால் குடிக்குதா?"

"இல்லைங்க. வாழைக்காத் தோலு, முக்குக் கடையில கேட்டு வாங்கின முட்டை ஓடு, காப்பிச் சக்கை. நேத்து கொஞ்சம் முருங்கைக் காம்பு."

டாக்டர் பேனாவை மேஜைமேல் வைத்தார். "யாருய்யா இதெல்லாம் குடுக்கச் சொன்னது?"

"அத்தைதான். வெறுமனே குடுக்கலை சார், ஒண்ணுக்கு ரெண்டு சருகு சேத்துத்தான் குடுக்கோம்."

"அந்தப் பொம்பளையைப் பிடிச்சு உள்ள போடணும்!"

"இப்ப முடியாது சார், அவங்க பம்பாயில இருக்காவ."

டாக்டர் செருப்பைக்கூட மாட்டாமல் ஆட்டோவுக்கு ஓடினார். கோணியை விலக்கினார். நீல டிரம்மைப் பார்த்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார். முப்பது வருஷமாக அந்த ஊரில் வைத்தியம் பார்க்கிறவர், அவர் பார்க்காததா? நால்வர் முகத்தையும் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு மூச்சை இழுத்து விட்டார்.

"தண்ணி தெளிச்சு, ரெண்டு உருட்டு உருட்டி, நிழல்ல வையுங்க. தானா தணியும். அடுத்த தடவை மட்டும் தயவுசெஞ்சு மாட்டாஸ்பத்திரிக்குப் போங்க."

சொன்னபடி செய்தார்கள். சூடு தணிந்தது. டாக்டர் கைராசிக்காரர் என்று தெருவெல்லாம் பேச்சு.

காய்ச்சல் போனதும் அடுத்த கவலை வந்தது. கழுத்துவரை நிறைந்திருந்த குப்பம்மாள் நாளுக்கு நாள் கீழே இறங்கினாள். ஒரு மாதத்தில் பாதி ஆகிவிட்டாள்.

"ஊட்டுறது எல்லாம் எங்கதான் போவுது? பிள்ளை துரும்பா இளைச்சுட்டாளே!" என்று உச்சிமாகாளி புலம்பினார். டார்ச் அடித்து உள்ளே பார்த்தபோது சொரிமுத்துவுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. உள்ளே புழுக்கள் நெளிந்தன.

"வயித்துல பூச்சி" என்று தீர்ப்புச் சொன்னார்.

வேப்பங்கொழுந்தை அரைத்துப் புகட்டினார்கள். பூச்சிகள் கண்டுகொள்ளவில்லை. உப்பு, மிளகாய் வற்றல் எல்லாம் சுற்றித் திருஷ்டி கழித்தார்கள். அதையும் பூச்சிகள் கண்டுகொள்ளவில்லை. தளவாய் மட்டும் ராத்திரி சாப்பிடாமல் டிரம்முக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்துவிட்டான். இப்போது அவன் நினைப்பில் ஊரும் இல்லை, மதினியும் இல்லை. பிள்ளை தேறினால் போதும் என்றிருந்தது. முட்டாளாக இருந்தாலும் பாசம் பாசம்தானே.

இரண்டு மாதம் ஓடியது. ஆவுடையம்மாள் மகள்களோடும் பேரப்பிள்ளைகளோடும் வந்து இறங்கினாள். இரண்டு ராத்திரி ரயிலில் தூங்காத கண்ணோடு நேராகக் கொல்லைக்குத்தான் போனாள். டிரம்மைத் திறந்தாள், கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். கன்னங்கறேலென்று, உதிரியாக, முதல் மழைக்குப் புழுதி மணப்பதுபோல மணத்தது. வேளாண்மை ஆபீஸ் அம்மாவே நேரில் நின்று செய்திருந்தாலும் இவ்வளவு பதமாக வந்திருக்காது.

"மாப்பிள்ளைகளா! நீங்களா செஞ்சீங்க?" ஆவுடையம்மாள் இன்னொரு பிடி அள்ளிப் பார்த்தாள். "உங்களைப் போயி ஊருக்கு அனுப்பிருவேன்னு சொன்னேனே, என் வாயைக் கழுவணும்!"

தளவாய்க்குக் கால் தரையில் பாவவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் மாமியார் அவனைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

"கொஞ்சம் கறுத்துட்டா அத்தை. ஆனா களையா இருக்கா" என்றான்.

அதைக் காதில் வாங்காத ஆவுடையம்மாள், "சரி, கவுத்துங்க. மரத்து மூட்டுல கொட்டிருவோம்" என்றாள்.

நால்வரும் அசையவில்லை. தளவாய் டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "கொட்டுறதா? பெத்த பிள்ளையை யாராவது கொட்டுவாங்களா? வேணும்னா நான் எங்க ஊருக்கே போறேன் அத்தை. இவளையும் தூக்கிட்டுப் போறேன்."

ஆவுடையம்மாள் கத்தினாள், திட்டினாள், தலையில் அடித்துக்கொண்டாள். பிரயோஜனமில்லை. செண்பகவடிவு அம்மாவின் காதருகே வந்து, "இவர்கிட்ட எதுத்துப் பேசினா ஆகாதும்மா. இவர் போற வழியிலேயே போனாத்தான் உண்டு" என்றாள். ஆவுடையம்மாள் யோசித்தாள். யோசிக்கத் தெரிந்தவர்களுக்கும் சில சமயம் அதனாலேயே கேடு வரும்.

"சரி மாப்பிள்ளை, பொம்பளைப் பிள்ளையை எத்தனை நாளைக்குத்தான் கைக்குள்ளயே வச்சிருப்பீங்க? நல்ல இடம் வந்தா கட்டிக் குடுக்கணும்லா?"

தளவாயின் பிடி தளர்ந்தது. "நல்ல இடமா?"

"இந்தா நிக்காரே நார்த்தை. சொந்த மண்ணு. குடி கிடையாது, சீட்டு கிடையாது. இருந்த இடத்தை விட்டு ஒரு அடி எங்கயும் போக மாட்டாரு. இப்பிடி ஒரு மாப்பிள்ளை நாலு பொண்ணு பெத்த எனக்கே அமையலை."

நால்வரும் தனியாகப் போய்க் கலந்து பேசினார்கள். உச்சிமாகாளி அழுதார். சொரிமுத்து மரத்தைச் சுற்றி வந்து, முள் இருக்கிறதே என்று ஒரு குறை சொன்னார். கொஞ்சம் கோபக்காரராக இருந்தாலும் குடும்பம் நடத்துவார் என்று அனஞ்சபெருமாள் சமாதானம் சொன்னார். சம்பந்தம் முடிவாயிற்று.

மறுநாள் காலையில் கல்யாணம். மரத்துக்கு வேட்டி, டிரம்முக்கு மஞ்சள் கயிறு. தளவாய் கண்ணீர் வழியத் தாரை வார்த்துக் கொடுத்தான். பிறகு குப்பம்மாளை ஒரு பிடிகூடச் சிந்தாமல் நார்த்தையின் வேரடியில் சேர்த்து, மேலே மண் அணைத்து, தண்ணீர் விட்டார்கள். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்ட ஆவுடையம்மாள் நால்வருக்கும் பாயசத்தோடு சாப்பாடு போட்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம். மகள்கள் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் வாங்கப் போயிருந்தார்கள். ஆவுடையம்மாள் உள்ளே கட்டிலில், ஊறுகாய் ஜாடியைக் கனவில் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கொல்லையில் நால்வர் கூடியிருந்தார்கள்.

"பொண்ணு மாப்பிள்ளையை இன்னும் மறுவீட்டுக்கு அழைக்கலையே" என்றார் சொரிமுத்து.

தளவாய் நெஞ்சில் கை வைத்தான். "ஐயோ, ஆமா! அத்தைக்குத் தெரிஞ்சா, முறை தெரியாத பயலுவன்னு ஊருக்கு அனுப்பிருவாவ."

வெற்றிலை பாக்குத் தட்டோடு மரத்தின் முன்னால் போய் நின்று அழைத்தார்கள். மரம் பேசாமல் நின்றது.

"மாப்பிள்ளை முறுக்கு" என்றார் அனஞ்சபெருமாள்.

தளவாய்க்கு அது புரிந்தது. அவனும் மறுவீட்டுக்கு ஒரு வாட்ச் கேட்டு இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு நின்றவன்தான். தன் வாட்சைக் கழற்றி ஒரு கிளையில் மாட்டினான். அப்படியும் மரம் வரவில்லை. கையைப் பிடித்து அழைத்தால் வருவார் என்று கிளையைப் பிடித்து இழுத்தான். முள் கீறியது.

"கிள்ளுறாரு. விளையாட்டுப் புத்தி" என்று சிரித்துக்கொண்டே கடப்பாரையை எடுத்தான்.

பெண் வேரடியில் இருக்கிறாள் அல்லவா? அவளுக்கு ஒரு கீறல் விழாமல், நால்வரும் நாலு பக்கமும் பார்த்துப் பார்த்துத் தோண்டினார்கள். அவ்வளவு கவனமாக அவர்கள் வாழ்நாளில் எந்த வேலையும் செய்ததில்லை. வேரும் மண்ணும் உரமுமாக மரத்தைப் பெயர்த்து, தோளில் ஏற்றி, சந்து வழியாகச் சுற்றி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள்.

வாசலில் நடந்த வாக்குவாதத்தில்தான் ஆவுடையம்மாளுக்கு விழிப்புத் தட்டியது. எழுந்து ஓடி வந்தாள். நிலைப்படிக்கு வெளியே அவளுடைய நார்த்தை மரம், வேரெல்லாம் காற்றில் தொங்க, மூன்று மருமகன்களின் தோளில் நின்றது. நாலாவது மருமகன் ஆரத்தித் தட்டை ஏந்திக்கொண்டு, வேர்களைக் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தான்.

"வந்துட்டியளா அத்தை, நல்லதாப் போச்சு" என்று தளவாய் பெருமூச்சு விட்டான். "அரை மணி நேரமா வாசல்லயே நிக்கோம். மொத்தம் பதினேழு கால் இருக்கு. முறை தவறி உள்ள கூட்டிட்டு வந்தா நீங்க எங்களை ஊருக்கு அனுப்பிருவீங்க. நீங்க பெரியவங்க, நீங்களே பாத்துச் சொல்லிருங்க. இதுல மாப்பிள்ளைக்கு வலது கால் எது?"